ஹை கிரேடு

கடியப்பட்டணம்
12.5.2012

அன்பு மகள் ரெஜிஷாவுக்கு அம்மா எழுதுவது. மாதா துணையில் இங்கே எல்லாரும் சுகம். என்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், பயப்படாதே.

போனில் சொல்லாததற்குக் கோபிக்காதே. பேசும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். இந்த இடத்துச் சீக்கை ஆம்பிளை காது கேட்க எப்படிச் சொல்ல? தீட்டு நின்று வருஷக்கணக்கான பிறகு மறுபடி உதிரம் கண்டது. அவரிடம் வயிற்றுக்கட்டி என்று சொல்லிவிட்டுத் திருவனந்தபுரம் போனேன். கருப்பை வாயில் புற்றாம்.

நீ அங்கே ஓட்டுகிற எம்.ஆர்.ஐ. மிஷின் போல ஒன்றுக்குள் என்னையும் தள்ளினார்கள். என்ன சத்தம்! கட்டிக்குள் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று படம் பிடித்து, அதை வைத்தே கிரேடு சொல்லுவார்களாம். டாக்டர் பக்கத்தில் நின்றவரிடம் "ஹை கிரேடு" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஹை கிரேடு இறால் என்றால் கம்பெனிக்காரன் ஓடி வந்து எடுப்பான், கழிசல்தானே சந்தைக்கு வரும்? குருசடியில் மெழுகுதிரி ஏற்றினேன். இனி அவசரமில்லை, ராயப்பர் திருவிழா முடிந்து வைத்தியத்துக்குப் போகலாம்.

படத்தின் சி.டி.யைப் பக்கத்து வீட்டு லிஜோ மஸ்கட் வரும்போது தருவான்.

அம்மா
வியாகுலம்மாள்

மஸ்கட்
27.5.2012

என் அம்மாவுக்கு,

லிஜோ சி.டி. தந்தான். ஆள் இல்லாத நேரம் பார்த்தேன். எத்தனையோ பெண்களுக்கு இந்தப் படம் எடுத்திருக்கிறேன், இதை மட்டும் பாதியில் நிறுத்தி நிறுத்தித்தான் பார்த்தேன். நான் பத்து மாசம் கிடந்த இடம் அம்மா அது.

நீ சொன்னது சரிதான், ஹை கிரேடுதான். ஆனால் ஹை கிரேடு இறாலைக் கரையில் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போவாயா? ஐஸ் வைக்காவிட்டால் உச்சிக்குள் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? திருவிழாவுக்கு நிற்காதே. கடிதம் கண்டவுடன் போய்ச் சேர். ராயப்பர் கோபிக்க மாட்டார், அவரும் மீன்காரர்தான்.

லீவு கேட்டேன். மாற்றாள் வராமல் விடமாட்டார்களாம், பாஸ்போர்ட்டும் அவர்கள் கையில். இங்கே உட்கார்ந்து வேறு யார் அம்மாவையோ படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ரெஜிஷா

திருவனந்தபுரம்
8.7.2012

அன்பு மகளுக்கு,

நீ சொன்னபடியே திருவிழாவுக்கு நிற்காமல் வந்து சேர்ந்தேன். தினமும் கதிர் பாய்ச்சுகிறார்கள், கரண்டு வைப்பது என்று இங்கே பேர். சோறு இறங்கவில்லை, மற்றபடி குறையில்லை.

அடுத்த கட்டிலில் ஆரல்வாய்மொழி பூங்கனி. அவளுக்கும் இதே சீக்கு. ஆனால் லோ கிரேடாம், பாவம். மனசு கேட்கவில்லை, என் ஆரஞ்சையும் அவளுக்கே கொடுத்தேன். "விசனப்படாத ஏட்டி, லோ கிரேடும் தேறும்" என்று தலையைத் தடவினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் மகள் ஜெப்சி, அம்மாவுக்கு லோ கிரேடு என்று கேட்டதும் வார்டு முழுக்க லட்டு கொடுத்தாள். எனக்கும் ஒன்று தந்தாள். அந்தப் பிள்ளைக்கு விவரம் இல்லையா, எனக்கா? அவளிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. நீ எழுது.

அம்மா

கடியப்பட்டணம்
16.9.2012

அன்பு மகளுக்கு,

நான் கேட்டதற்கு நீ எழுதவில்லை. போனில் மழை உண்டா, என்ன கறி என்று கேட்கிறாய். இனி எழுத வேண்டாம். ஜெப்சியிடமே கேட்டுவிட்டேன். ஹை என்றால் கட்டி வேகமாகப் பெருகும் வகையாம். சொல்லிவிட்டு அவள் அழுதாள், நான்தான் தேற்றினேன்.

உன்மேல் கோபமில்லை மக்களே. ஐஸ் என்று எழுதாவிட்டால் நான் திருவிழாவில் சப்பரம் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். கரண்டு முடிந்து மறுபடி படம் எடுத்தார்கள். பரவியிருக்கிறதாம். இந்த முறை டாக்டர் எனக்குப் புரியும்படி மலையாளத்தில் சொன்னார்.

வயிற்றுக்கட்டி ஹை கிரேடாம், நல்ல வகையாக்கும் என்று அப்பாவிடம் நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். கரையில் காண்கிறவனிடமெல்லாம் "அவளுக்கு உள்ளது ஹை கிரேடாக்கும், பேடிக்க ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டு நடக்கிறார். ராத்திரி நன்றாகத் தூங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் போடும்போது கேட்பார், நல்லதுதானே என்று.

ஆமாம் என்று சொல். எனக்குச் சொன்ன மாதிரியே சொல்.

அம்மா