மணக்காத மசாலா

மில்டூரா, ஆஸ்திரேலியா
8 மே 1994

அன்புள்ள வித்யா,

நான் நலம். நீயும் ஷாலேஷ்னியும் நலம்தானே? இங்கே ஆரஞ்சு அறுவடை தொடங்கிவிட்டது. பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் எனக்கு வேலை.

ஈஸ்டருக்கு நீ அனுப்பிய மசாலாவைப் பிரித்தேன். தப்பாக நினைக்காதே, அதில் மணமே இல்லை. மஞ்சள்பொடி நிறம் மட்டும் தருகிறது. சீரகப்பொடி வெறும் மண். இது நீ இடித்ததா, இல்லை அண்ணன் கடையில் விற்காமல் கிடந்ததா? உண்மையைச் சொல், கோபப்பட மாட்டேன்.

உன்
சிவ்தயாள்

தவுவா, ஃபிஜி
21 மே 1994

ஷாலேஷ்னியின் அப்பாவுக்கு,

வணக்கம். நீங்கள் கோபப்பட மாட்டீர்களாம். நான் படலாம் அல்லவா?

வெயிலில் காயவைத்து, வறுத்து, என் கையால் இடித்த மசாலா அது. முழுசாக வைத்தால் மூன்று நான்கு வருடம் தாங்கும். பொடித்தால்கூட ஒரு வருடத்துக்குக் குறையாது. காய்ந்த இலை தழைதான் சீக்கிரம் சாரம் இழக்கும். ஈஸ்டருக்கு இடித்தது மே மாதத்தில் எப்படிச் செத்துப்போகும்? அடுப்புக்கு மேலே, ஆவி படும் இடத்தில் வைத்தீர்களா? ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள்.

உங்கள் அண்ணியிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த ரொட்டிக்கட்டையை வைத்துவிட்டு, "மசாலா டப்பாவுலயே பழசாகுதுன்னா, அவன் அடுப்பே மூட்டலடி. யாரோ ஒருத்தி வடிச்சுப் போடுறா" என்றாள். நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

தீபாவளிக்கு அனுப்பியது தீர்ந்ததா என்று நீங்கள் எழுதவே இல்லையே?

வித்யாவதி

மில்டூரா
12 ஜூன் 1994

வித்யா,

இந்த வீட்டில் நானும் டோங்கா தீவுக்காரன் விலியாமியும்தான் இருக்கிறோம். அவனுக்குத் தாடி இருக்கிறது என்று அண்ணியிடம் சொல்.

தீபாவளி மசாலா பிப்ரவரியிலேயே தீர்ந்தது. அது வீடு முழுக்க மணந்தது. அதனால்தான் இதைச் சந்தேகப்படுகிறேன். நீ சொன்னபடி தேய்த்தும் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஊரிலிருந்து வந்த பிஜேந்திரா சொன்னான், "வித்யா அண்ணி இப்ப கடையில உட்கார்றாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்று. எனக்குத் தெரியாதுதான். ஏன் எழுதவில்லை? அங்கே விலைபோகாததை எனக்குக் கட்டி அனுப்புகிறாய் என்று நினைப்பதில் என்ன தவறு?

சிவ்தயாள்

தவுவா
30 ஜூன் 1994

ஷாலேஷ்னியின் அப்பாவுக்கு,

உங்கள் அண்ணனுக்கு இடுப்புப் பிடித்துவிட்டது. அதனால் கடையில் உட்காருகிறேன். எழுதினால் கவலைப்படுவீர்கள் என்று விட்டேன். வேறு கதை இல்லை.

இத்துடன் வரும் பொட்டலத்தில் எதையும் பொடிக்கவில்லை. இந்த வருடத்துச் சீரகம், கொத்தமல்லி, கிராம்பு, பட்டை எல்லாம் முழுசாகவே இருக்கின்றன. நீங்களே வறுத்து இடித்துக்கொள்ளுங்கள். இதற்கும் மணமில்லை என்று எழுதினால், கெட்டுப்போனது மசாலா இல்லை என்று புரிந்துகொள்வேன். அதன்பிறகு நீங்கள் எழுதவும் வேண்டாம்.

வித்யாவதி

மில்டூரா
24 ஜூலை 1994

என் வித்யா,

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் படித்துவிடு.

போன ஞாயிற்றுக்கிழமை உன் சீரகத்தையும் மல்லியையும் வறுத்து இடித்தேன். உரலுக்குள் முகத்தை விட்டுப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. நீ என்னை ஏமாற்றுகிறாய் என்றே நினைத்தேன். அப்போது விலியாமி உள்ளே வந்தான். "ரோடு வரைக்கும் மணக்குதுப்பா, யாருக்கு விருந்து?" என்றான். எனக்கு ஒன்றும் மணக்கவில்லையே என்றேன். வினிகர் பாட்டிலைத் திறந்து என் மூக்கருகே பிடித்தான். பிறகு தன் காலுறையைக் கழற்றிப் பிடித்தான்.

"இது தெரியுதா?"

"தெரியல."

எதற்கெடுத்தாலும் சிரிப்பவன் அவன். அன்று சிரிக்கவில்லை. மறுநாள் டாக்டரிடம் இழுத்துப் போனான்.

"தலையில் அடிபட்டதா?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். மார்ச்சில் தோட்டத்தில் ஏணியிலிருந்து விழுந்தேன், வித்யா. பின்மண்டையில் அடி. ஓரிரவு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நீ பயப்படுவாய் என்று எழுதவில்லை. அதற்குப் பிறகுதான் என்னைக் கொட்டகை வேலைக்கு மாற்றினார்கள். வாசனை அறியும் நரம்பு அறுந்திருக்கலாமாம். திரும்ப வரலாம், வராமலும் போகலாம். இப்போது எனக்கு உப்பும் புளிப்பும் மிளகாயின் எரிச்சலும் மட்டும்தான் தெரிகின்றன.

உன் கையைச் சந்தேகப்பட்டேன். மன்னிப்பாயா?

சிவ்தயாள்

தவுவா
6 ஆகஸ்ட் 1994

என் அன்புக்குரியவருக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். என் முகத்தைப் பார்த்த அண்ணி, "சொன்னேன்ல? யாராம் அவ?" என்று கேட்டாள். "ஏணி" என்றேன். அவளுக்குப் புரியவே நேரமானது. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாள்.

கேஸ் கசிந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? சட்டி தீய்ந்தால்? இறைச்சி கெட்டிருந்தால்? விலியாமி வீட்டில் இல்லாதபோது அடுப்பைத் தொடாதீர்கள். சாப்பிடும் முன் எல்லாவற்றையும் அவன் முகர்ந்து பார்க்கட்டும். நான் கேட்டுக்கொண்டதாக அவனிடம் சொல்லுங்கள்.

ஓரிரவுதானா ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள்? தலை சுற்றுகிறதா? இரத்தம் வந்ததா? டாக்டர் எழுதியதை நகல் எடுத்து அனுப்புங்கள். உங்கள் வார்த்தையை மட்டும் நம்பும் காலம் போய்விட்டது. மன்னிப்பதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டுவிட்டேன். ஷாலேஷ்னி என் அம்மாவிடம் இருப்பாள். உங்களுக்குச் சமைத்துப் போட வருகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பின்மண்டையை என் கையால் தடவிப் பார்க்க வேண்டும், அதற்குத்தான்.

உங்கள்
வித்யா