தூண்டில் சானலின் முதல் ஆறு மாதம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் "எனக்கென்ன கேடு" என்பாய். ஆகவே கேட்கவில்லை.

செய்தி உனக்கு எட்டியிருக்கும். குடிநீர் வாரிய வேலையை விட்டுவிட்டேன். ஒன்றாம் தேதி முதல் 'தூண்டில்' என்று ஒரு சானல் நடத்துகிறேன். இருபத்து நான்கு மணி நேரமும் மீன்பிடிப்பது மட்டும். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் ஒளிபரப்பு, மற்றதில் நிர்வாகம், வரவேற்பு, என் படுக்கை. ஊழியர் ஒருவர், கேமராக்காரர். உயரத்தையும் உடம்பையும் பார்த்து எல்லோரும் ஒட்டடை என்கிறார்கள். அவர் ஆட்சேபிப்பதில்லை.

கேபிள் விநியோகஸ்தர் 397-ஆம் எண்ணைக் கொடுத்திருக்கிறார். 396 மெத்தை விற்கும் சானல். 398 இன்னொரு மெத்தை. ஜூன் முப்பதுக்குள் பார்க்க ஆள் சேரவில்லையென்றால் எங்கள் எண்ணும் மெத்தைக்குப் போய்விடும். அப்படி நடந்தால் திரும்பிப் போக எனக்கு வேலை இல்லை. ராஜினாமாக் கடிதத்தைக் கொஞ்சம் இலக்கியமாக எழுதிவிட்டேன்.

மீன்வளத் துறை ஆய்வாளர் என்ற முறையில் நீ பார்த்து அபிப்பிராயம் எழுதினால் மகிழ்வேன். அக்கா என்ற முறையில் எழுத வேண்டாம்.

உன் தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

நீ வேலையை விட்டதைத் தபால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அது இருக்கட்டும். கேட்டபடி ஆய்வாளராகவே எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மாலை ஏரியில் நீ ஒரு வஞ்சிரம் பிடித்தாய். வஞ்சிரம் கடல் மீன். உன் ஏரியிலிருந்து கடல் இருநூறு கிலோமீட்டர். அது பஸ் பிடித்து வந்தது என்றே வைத்துக்கொள்வோம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே செத்திருக்கிறது. கண் குழிந்து போயிருந்தது, செவுள் பழுப்பு. நீ "போராடுறான், போராடுறான்" என்று கத்தினாய். போராடியது நீ ஒருவன்தான். மீன் மரியாதையாக இருந்தது. இருபது வருடம் சந்தையில் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தவளிடம் இதைக் காட்டுகிறாயே, உனக்கே கூச்சமாக இல்லையா?

இன்னொன்று. அந்தத் தொப்பி உனக்கு நன்றாயில்லை.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஒப்புக்கொள்கிறேன். ஏழு வாரத்தில் ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. ஒட்டடைதான் பரிதாபப்பட்டுச் சந்தையில் வாங்கி வந்தார். "பெருசா இருந்தாத்தான் சார் டிவியில எடுப்பா இருக்கும்" என்றார். அதுவரை அவர் கல்யாண வீடியோ எடுத்தவர்.

உன் கடிதம் வந்த அன்று கைவசம் இருந்தது வெறும் ஏரித் தண்ணீரை எடுத்த மூன்று மணி நேரப் படம் மட்டும். மனசு கேட்கவில்லை. மைக்கைப் போட்டேன், மன்னிப்புக் கேட்டேன், தண்ணீரை ஓடவிட்டு உன் கடிதத்தை வரி விடாமல் படித்தேன். தொப்பி உட்பட.

இதுநாள் வரை எங்கள் தொலைபேசிக்கு வந்த அழைப்பெல்லாம் டயர் கடைக்கு. அன்று நாற்பத்தொரு பேர் எங்களையே கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "அந்த அக்கா அடுத்த வாரம் என்ன சொல்லுவாங்க?"

தயவுசெய்து வாராவாரம் திட்டு.

உன் தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

என் கடிதத்தை ஊர் கேட்கப் படிக்க உனக்கு யார் அனுமதி கொடுத்தது? நான் அரசு ஊழியர். மேலதிகாரி அறைக்குக் கூப்பிட்டார். விளக்கம் எழுதத் தயாராகத்தான் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். "உங்க தம்பி புழுவக் கோக்கறதே தப்பு மேடம். அதையும் எழுதுங்க" என்றார்.

எழுதியிருக்கிறேன். ஆறு பக்கம், இணைப்பில். இனி வாரம் ஒன்று வரும்.

கெடு முடியும் நாளில் நேரிலும் வருகிறேன். நேரடி ஒளிபரப்பாக இருக்கட்டும். யாரும் சந்தைப் பக்கம் போகக் கூடாது. படகில் நாம் பேசும்போது ஒட்டடை வாயைத் திறக்கக் கூடாது.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பஸ் ஏறிய பிறகு எனக்குத் தெரியவந்ததை எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

முப்பதாம் தேதி படகில் ஐந்து மணி நேரம் தக்கை அசையவில்லை. அலுத்துப்போய் நாம் சண்டையை ஆரம்பித்தோம்.

"வேலைய விட்டத எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா விட விட்டிருப்பியா?"

"மாட்டேன். அதுக்காகச் சொல்லாம இருப்பியா?"

"பயம்க்கா. தோத்துட்டா உன் மூஞ்சியப் பாக்கணுமேன்னு."

"முதல் நாள்லேருந்து ஆபீஸ் விட்டு வந்ததும் உன் தண்ணியத்தான்டா பாத்துட்டு உக்காந்திருக்கேன். ஒரு மீனாவது மாட்டாதான்னு."

அதன் பிறகு நான் மூக்கைச் சிந்தியதை நாடே பார்த்தது. நமக்குத் தெரியாமல் நாடு பார்த்தது வேறொன்று. நம் முதுகுக்குப் பின்னால் தூண்டில் கோல் வளைந்திருக்கிறது. நரம்பு விர்ரென்று ஓடியிருக்கிறது. பதினொரு நிமிடம் நாம் பேசினோம், பதினொரு நிமிடம் அது இழுத்தது. கடைசியில் கோலையே பிடுங்கிக்கொண்டு ஏரிக்குள் போய்விட்டது. கோலைக் காணோம் என்றதும், நான் சரியாக வைக்காததால் நழுவி விழுந்தது என்று அதற்கும் திட்டினாயே, அந்தக் கோல்தான்.

ஒட்டடையின் முகம் கோணியதை நான் பார்த்தேன். நம் பாசத்தைக் கண்டு உருகுகிறார் என்று நினைத்தேன். ஏன் சொல்லவில்லை என்றால், "அக்கா வாயத் தொறக்கக் கூடாதுன்னாங்களே சார்" என்கிறார்.

அறைக்கு வந்தால் டயர் கடைக்காரர் வியாபாரத்தைப் போட்டுவிட்டு எங்கள் போனை எடுத்துக்கொண்டிருக்கிறார். தொண்டை கட்டிவிட்டது அவருக்கு. வீட்டுக்கு வீடு ஜனங்கள் டிவியைப் பார்த்து "பின்னாடி, பின்னாடி" என்று கத்தியிருக்கிறார்கள். மெத்தைச் சானல்காரர்களே பார்த்தார்களாம்.

இன்று காலை விநியோகஸ்தர் மாடியேறி வந்தார். இனி நமக்கு எண் 12. செய்திச் சானலுக்கு அடுத்தது. ஐம்பத்திரண்டு ஊர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: மாதம் ஒரு தடவை படகில் அக்கா இருக்க வேண்டும். "மீன் வரலைன்னாலும் பரவால்ல சார்."

ஜெயித்துவிட்டோம் அக்கா.

உன் தம்பி


ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

12-ஐப் பார்த்தேன். அதே ஏரிதான். ஆனால் கொஞ்சம் பதவி உயர்வு பெற்ற மாதிரி தெரிகிறது.

மாதம் ஒரு தடவைக்கு மேலதிகாரி சம்மதித்துவிட்டார். படகில் மூன்றாவது ஆளுக்கு இடம் உண்டா என்று மட்டும் விசாரித்தார்.

ஏரிக்குள் போன கோல் நான் ஆபீஸிலிருந்து கொண்டுவந்தது, துறையின் சொத்து. ஆகவே இழப்புப் படிவம் எழுத வேண்டியிருந்தது. சம்பவத்தின்போது பொறுப்பாளர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அதில் ஒரு கட்டம். "தம்பியுடன் பேசிக்கொண்டிருந்தேன்" என்று எழுதிக் கொடுத்தேன்.

மேலதிகாரி இரண்டு தடவை படித்தார். ஓரத்தில் "நியாயமான காரணம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா