சரி என்று சொன்ன சனிக்கிழமை

அன்புள்ள விசு,

செம்பூர் மகாராஜாவே, தாராவியிலிருந்து சாகுல் எழுதுகிறேன். ஆறு வருஷப் பழக்கத்தில் உமக்கு ஒரு வரி கடிதம் எழுதியதில்லை. எல்லாம் போனிலேயே போயிற்று. இப்போது போனில் உம் பெயரைத் திறந்தால் நான் கடைசியாக அனுப்பிய படம் பார்க்கப்படாமலே நிற்கிறது. அதனால்தான் காகிதம்.

நீர் போய் ஏழு மாதம் ஆகிறது. பட்டறை ஓடுகிறது. இந்த மழைக்கும் சந்துக்குள் தண்ணீர் முழங்கால் வரை வந்தது. மோட்டாரைச் செங்கல் மேல் ஏற்றி வைத்துத் தப்பித்தோம். சந்தை இடித்துக் கட்டப்போவதாக அளக்கிறவர்கள் மறுபடி வந்து, கதவில் பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே புது எண் எழுதிவிட்டுப் போனார்கள். இடித்தால் எங்கே போவது என்று முன்பெல்லாம் உம்மிடம் புலம்புவேன். இப்போது புலம்பவும் அலுப்பாக இருக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே சாயங்காலம் ஆனால் தேவலை என்றிருக்கிறது.

நம் குழுவும் அப்படித்தான் கிடக்கிறது. லேத்தில் இரும்பு கடைகிற தமிழ் ஆட்கள் நூற்றுச் சொச்சம் பேர், கோயம்புத்தூரிலிருந்து ஷார்ஜா வரை, போனில் கூடிய கூட்டம் அது. முதல் ஒரு வருஷம் உம்மைக் கோயம்புத்தூர்க்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நீர் அனுப்பிய குரல் செய்திக்குப் பின்னால் ஒரு பெண் மராத்தியில் அடுத்த ஸ்டேஷன் கோவண்டி என்றாள். "எங்கவே இருக்கீரு?" என்று கேட்டேன். "ரயில்ல, கதவுகிட்ட நின்னுண்டிருக்கேன்" என்றீர். ஒரே மும்பையில், ஆட்டோவில் இருபது நிமிஷ தூரத்தில் இருந்துகொண்டா ஒரு வருஷம் ஊர் பேர் தெரியாமல் பேசினோம்?

நான் வயிற்றுப்பாட்டுக்கு லேத் ஓட்டுகிறவன். நீர் ஆபீஸ் உத்தியோகத்தைச் சீக்கிரமே விட்டுவிட்டு, சமையலறைப் பால்கனியில் ஒரு சின்ன லேத்தை வைத்து, உள்ளங்கை அளவு நீராவி எஞ்சின் செய்கிறவர். வேலைவெட்டி இல்லாத ஐயர் என்று எத்தனை கேலி செய்திருப்பேன்! ஆனால் அளவு பார்ப்பதில் உம்மை மிஞ்ச எங்கள் சந்தில் ஒருவனும் கிடையாது. அதை உம் முகத்துக்கு நேரே நான் சொன்னதில்லை.

உம்மை எல்லோருக்கும் பிடித்துப்போனது நீர் ஆரம்பித்த ஒரு பழக்கத்தால். அதற்கு முன் குழுவில் தங்கம் மாதிரி அமைந்த சாமான்களை மட்டும்தான் படம் போடுவார்கள். நீர் ஒரு சனிக்கிழமை, கெட்டுப்போன ஒரு புஷ் வளையத்தைப் படம் எடுத்து, இந்த வாரம் நான் கெடுத்தது இது, காரணம் என் அவசரம் என்று எழுதினீர். அடுத்த வாரம் ஷார்ஜாக்காரர் ஒருவர் போட்டார். அப்புறம் அதுவே சட்டமாயிற்று. எவன் எதைக் கெடுத்தானோ அதைச் சனிக்கிழமை காலையில் சபையில் வைத்துவிட வேண்டும். பேர் கூட நீர்தான் வைத்தீர்: சனிக்கிழமைச் சொத்தை.

இருபத்தெட்டு வருஷம் லேத் ஓட்டியும், என் தப்பை வாய்விட்டு இன்னொருவனிடம் சொன்னது அங்கேதான். வேலை கொடுப்பவனிடம் சொன்னால் வேலை போகும், பெண்டாட்டியிடம் சொன்னால் மரியாதை போகும். உங்களிடம் சொன்னால் நாலு கேலியோடு விட்டது.

பிறகு அந்த மூன்று சனிக்கிழமைகள். மூன்றிலும் நீர் போட்டது ஒரே சொத்தை. துளை சரியாக அரை மில்லிமீட்டர் பெரிசு. அது எங்கள் தொழிலுக்குப் புதிதாக வருகிறவன் முதல் மாதம் செய்கிற தப்பு. மைக்ரோமீட்டரில் அரை மில்லிக்கு ஒரு பொடிக் கோடு உண்டு. அது கண்ணில் படாவிட்டால் துளை இன்னும் சிறிசாக இருப்பதாகத் தோன்றும். மேலும் கடைவோம், சாமான் போச்சு.

ஒரு தடவை என்றால் அசதி. மூன்று தடவை, அதுவும் நீர்! நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல், "கண்ணாடியக் கழத்தி டீக்குள்ள போட்டுட்டீரோவே?" என்று குழுவில் எழுதினேன். குழுவே சிரித்தது.

பத்து நிமிஷத்தில் நீர் தனியாகக் கூப்பிட்டீர். பால்கனியில் நின்று, குரலைத் தாழ்த்திப் பேசினீர்.

"பாய், உம்மகிட்ட மட்டும் சொல்றேன். இடது கண்ணுல திடீர்னு ஒரு திரை இறங்கறது. அஞ்சு நிமிஷம் ஒண்ணும் தெரியாது. அப்புறம் தானா ஏறிடறது. ஆனா பொடிக் கோடெல்லாம் கரைஞ்சாப்ல இருக்கு. நான் லென்ஸ் வச்சுப் பாக்கறதும் அதே கண்ணுதான்."

"எத்தன நாளாவே?"

"மூணு வாரமா. நாலஞ்சு தடவை."

"மொத வேலையா டாக்டர்ட்ட போவும். வீட்ல லலிதாம்மாட்ட சொன்னீரா?"

"அவகிட்ட சொன்னா மிஷின் நாளைக்கே பங்கார்வாலாகிட்ட போயிடும். கண்ணுக்கு ஏதாவது வந்தா பழைய இரும்புக்குப் போட்டுடறேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்துதானே இதை ஆத்துக்குள்ளயே கொண்டு வந்தேன். சொல்லிடாதேயும். நானே டாக்டர்ட்ட போறேன்."

"சரி" என்றேன்.

ஏன் சரி என்றேன், விசு? என் லேத்தை ஒருவன் பிடுங்கிப் போட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அது பாதி. நூறு பேர் இருக்க என்னிடம் மட்டும் சொன்னீரே என்ற பெருமை மீதி. இரண்டு நாள் கழித்து டாக்டரைப் பார்த்தீரா என்று கேட்டேன். அடுத்த வாரம் என்றீர். அதற்கும் சரி என்றேன். பதினோராம் நாள் நீர் குளியலறையில் விழுந்தீர்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் லலிதாம்மாவிடம் கேட்டார், இதற்கு முன் எப்போதாவது ஒரு கண் கொஞ்ச நேரம் இருட்டியதா என்று. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைக்கும் முன் சிலருக்குக் கண் அப்படி எச்சரிக்குமாம். அந்தச் சமயத்தில் வந்தால் ஏதாவது செய்யலாமாம். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே டாக்டர்" என்றார் உம் மனைவி. நான் அவருக்குப் பின்னால் நின்று என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் நீர் போய்விட்டீர்.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் லலிதாம்மா என்னிடம் நேரிலேயே கேட்டார்.

"அண்ணா, உங்ககிட்டயாவது ஏதாவது சொன்னாரா?"

"இல்லம்மா" என்றேன்.

அதற்கப்புறம் மாதம் ஒரு தடவை உம் வீட்டுக்குப் போனேன். லேத் துருப்பிடிக்காமல் எண்ணெய் போட என்று சாக்கு. ஒவ்வொரு தடவையும் காபி கொடுத்துவிட்டு, "பக்கத்துலயே இருந்துண்டு நான் என்னத்தைப் பாத்தேன் அண்ணா?" என்பார். நான் காபியைக் குடித்துவிட்டு வருவேன். குழுவில் ஒரு சொத்தைகூட அதன் பிறகு நான் போடவில்லை. எதைப் போடுவது?

போன மாதம் போனபோது மேஜை மேல் பழைய காலண்டரை விரித்து வைத்திருந்தார். நீர் விழுந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். "இந்தத் தேதிக்குத் தோசை வேண்டாம்னார். அன்னிக்கா ஆரம்பிச்சிருக்குமோ? இந்த வெள்ளிக்கிழமை டம்ளரைக் கீழ போட்டார். நான் வேற கத்தினேன் அவரை." ஒரு கட்டத்தில் பென்சிலால் சுழித்துச் சுழித்துக் காகிதம் கிழிந்திருந்தது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

சொன்னேன். திரை, அரை மில்லி, உம் சத்தியம், என் சரி, எல்லாவற்றையும்.

அழுவார் என்று நினைத்தேன். எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். பால் பொங்கி வழிந்திருந்தது, அதைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே பேசினார்.

"மிஷினைத் தூக்கிப் போட்டிருப்பேன். நிஜம்தான். ரெண்டு மாசம் என்கூடப் பேசியிருக்க மாட்டார்." துணியைப் பிழிந்து போட்டார். "ஆறு மாசமா நான் என்னையே அடிச்சுண்டிருக்கேன். நீங்க எதிர்க்க உக்காந்து அதைப் பாத்துண்டு, காபி குடிச்சுட்டுப் போயிருக்கேள்."

வாசலுக்கு வந்தபோது வழக்கமாகப் போயிட்டு வாங்கோ என்பார். அன்று "போங்கோ" என்றார். கதவு சாத்தும் சத்தம் மெதுவாகத்தான் கேட்டது.

சொன்னதும் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை. அவருக்காவது அந்தக் காலண்டரை மடித்து வைக்க முடிந்ததா? அது எனக்குத் தெரிய வழியில்லை.

இன்னொரு சேதி. நம் குழுவில் ஓசூர் செல்வம் உண்டே, சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவன். போன வாரம் கூப்பிட்டான். எடை தூக்கினால் நெஞ்சை அடைக்கிறது, இடது கை உளைச்சல் எடுக்கிறது என்றான். பேசி முடிக்கும்போது, "வீட்ல சொல்லிராதீங்க பாய், பட்டறைய மூடச் சொல்லிருவா" என்றான்.

நான் சரி என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, அவன் பட்டறை எண்ணுக்கு அடித்தேன். எடுத்தது அங்கே கணக்கு எழுதுகிற அவன் மனைவி. சொல்லிவிட்டேன். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு இடத்தில் அடைப்பாம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். பட்டறை பூட்டிக் கிடக்கிறது. "ஒங்கள நம்பித்தானே சொன்னேன், மனுசனா நீங்க?" என்று ஒரு குரல் செய்தி அனுப்பிவிட்டுக் குழுவை விட்டும் போய்விட்டான். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன், விசு. இனி எவன் என்னிடம் வீட்டில் சொல்லாதே என்று உடம்பைப் பற்றிச் சொன்னாலும், சொல்லிவிடுவேன். நம்பிக்கைத் துரோகி என்ற பெயர் வந்தால் வரட்டும். வரும் சனிக்கிழமை குழுவில் என் சொத்தையையும் போடப்போகிறேன். படம் இருக்காது, எழுத்துதான்.

உம் விஷயத்திலும் அந்தச் சனிக்கிழமையே லலிதாம்மாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். லேத் போயிருக்கும். நீர் ஜென்மத்துக்கும் என் முகத்தில் விழித்திருக்க மாட்டீர். செம்பூரில் அந்த வெறும் பால்கனியில் உட்கார்ந்து, என்னைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பீர்.

லலிதாம்மா அண்ணா என்று கூப்பிட்ட முறையில்
உமக்கு மச்சான்,
சாகுல்