இரண்டாவது வோக்கி

தலைமன்னார்,
ஞாயிற்றுக்கிழமை

என்ரை செல்ல மகள் ஜெயனிக்கு,

அம்மா யசிந்தா எழுதுறன். நீயும் மருமகன் டிலுக்சனும் அந்த நோர்வேக் குளிருக்குள்ளை ஒரு நோய் நொடியும் இல்லாமல் இருக்கவேணும் எண்டு மாதாவிட்டைக் கேட்டுக்கொண்டு தொடங்கிறன். இஞ்சை நான் சுகம், கோழி ஆறும் சுகம். உன்ரை அப்பா சுகமோ இல்லையோ எண்டதை இதை வாசிச்சுப்போட்டு நீதான் எனக்குச் சொல்லவேணும். கையிலை போன் இருக்க அம்மா என்னத்துக்குக் கடுதாசி எழுதுறா எண்டு யோசிப்பாய். நான் போனைத் தூக்கினால் அந்த மனிசன் எங்கை நிண்டாலும் ஓடிவந்து பக்கத்திலை கதிரையைப் போட்டு இருந்திடுவார். முந்தி இப்பிடி ஒரு நாளும் இருந்ததில்லை. நான் உன்னட்டை என்ன சொல்லுறன் எண்டு காவல் காக்கத்தான் வாறார், எனக்குத் தெரியாதே. அதுதான் அவர் கடற்கரைப் பக்கம் போன நேரமாப் பாத்துக் குசினிக்குள்ளை இருந்து எழுதுறன். எழுத்துக் கோணலாக் கிடந்தால் குறை நினையாதை.

விசயம் இதுதான். கொப்பருக்கு இந்த வோக்கி-ரோக்கிப் பைத்தியம் பிடிச்சது உனக்குத் தெரியும்தானே. தபால் கந்தோராலை பென்சன் எடுத்துக்கொண்டு வந்தவர் பேசாமல் செபமாலையைச் சொல்லிக்கொண்டு இருப்பார் எண்டு பாத்தால், கொழும்புக்குப் போய்ச் சின்னப் பிள்ளையள் மாதிரிச் சோதினை எழுதி, பாஸ் பண்ணி, பொழுதுபோக்குக்கு வோக்கியிலை கதைக்க லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நிக்கிறார். வோக்கியிலை ஆள் ஆர் எண்டு சொல்ல அவருக்கெண்டு ஒரு அழைப்புக்குறி வேறை. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எங்கடை கலியாணப் படத்துக்குப் பக்கத்திலை கொழுவி வைச்சிருக்கிறார். சரி, கிடக்கட்டும் எண்டு விட்டனான். பிறகு செற் தெரிவு செய்யிறன் எண்டு மூண்டு மாதம் என்ரை உயிரை எடுத்தார். ஒண்டு உப்புக் காத்துக்கு நிக்காதாம், ஒண்டின்ரை பற்றறி ரெண்டு மணித்தியாலத்திலை படுத்திடுமாம், இன்னொண்டு இஞ்சை வைச்சிருக்க அனுமதி இல்லாத சாதியாம். கடைசியா எல்லாம் சட்டப்படி எண்டு சொல்லிக் கொழும்பிலை வாங்கினவர். அதுவும் ஒண்டில்லை மகள், ரெண்டு. பெட்டி உடைக்கேக்கை நான் கண்ணாலை பாத்தனான், ரெண்டு கறுப்புச் செற். இப்ப வீட்டிலை ஒண்டுதான் இருக்கு. மற்றது எங்கை எண்டு கேட்டால் சோதிச்சுப் பாக்கக் குடுத்திருக்கிறன் எண்டுறார். ஆரிட்டை எண்டால் உனக்கு அவையளைத் தெரியாது எண்டுறார். முப்பத்தாறு வருசம் ஒண்டா இருக்கிறம், எனக்குத் தெரியாத ஆள் இவருக்கு எங்காலை வந்தது?

பின்னேரம் ஆறு மணிக்குக் கோயில்லை திருந்தாதி மணி அடிக்கும். அடிச்சு முடிய முதல் ஆள் பின்வளவுக் கொட்டிலுக்குள்ளை போய்க் கதவைச் சாத்திப்போடுவார். வெளியிலை இரும்புப் பைப் ஒண்டை நட்டு, அதின்ரை உச்சியிலை அலுமினியக் கம்பியளைக் குறுக்காலை பூட்டி அன்ரனா எண்டு ஒண்டு நிக்குது. காகம் இருந்தாலும் ஓடிவந்து கலைக்கிறார். நான் கதவடியிலை காது குடுத்துப் பாத்தனான். கேக்குதோ, கேக்குதோ எண்டு ரெண்டு மூண்டு தரம் கேட்டுப்போட்டு, பிறகு புனிதர் பிரார்த்தனை சொல்லுறார்! புனித அந்தோனியாரே, புனித செபஸ்தியாரே எண்டு ஒவ்வொண்டாச் சொல்லிச் சொல்லி நிப்பாட்டுறார். இது என்ன கூத்து, மாதா படத்துக்கு முன்னாலை முழங்காலிலை நிக்கப் பஞ்சிப்படுற மனிசன் கொட்டிலுக்குள்ளை பூட்டிக்கொண்டு பிரார்த்தனை சொல்லுறதெண்டால்? புனிதர்மாரின்ரை பேர் எல்லாம் ஏதும் குறிப்புச் சொல்லோ ஆருக்குத் தெரியும். அக்கரையிலையிருந்து கஞ்சா கொண்டு வாறவைக்கு ஆமி நேவி நிக்கிற இடம் சொல்லுற பெட்டி எண்டு றோட்டிலை கதை கட்டுறாங்களாம். நேவிக்காரர் ரெண்டு பேர் வந்து லைசென்ஸைப் பாத்து, தேத்தண்ணி குடிச்சு, சரி ஐயா எண்டு சிரிச்சுப்போட்டுப் போனவை. அவை சிரிச்சவை, எனக்குச் சிரிப்பு வரேல்லை. சண்டைக் காலத்திலை ரெண்டு பற்றறி கையிலை வைச்சிருந்ததுக்கே ஆக்களை மறிச்சு வைச்சவங்கள், அதைக் கண்ட ஆள் நான். இந்த வயதிலை சோத்துப் பாசலைத் தூக்கிக்கொண்டு மறியற்சாலை வாசலிலை போய் நிக்க என்னாலை ஏலாது மகள். இல்லாட்டி வேறை ஆரும் பொம்பிளையோ எண்டும் ஒரு நாள் யோசிச்சனான். ஆனால் மூண்டு நாள் சவரம் செய்யாமல் திரியிற ஆளை நம்பி எவள் வரப்போறாள்.

அதாலை நானே கண்டுபிடிக்கிறன் எண்டு இறங்கினனான். அந்த அன்ரனா நாலு பக்கமும் கதைக்காதாம், மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிற பக்கம்தான் சத்தம் போகுமாம். இதை அவரே ஒரு நாள் பெருமையாச் சொன்னவர், அதுதான் அவர் விட்ட பிழை. நான் கடற்தொழிலாளியின்ரை மகள். கரையிலை ரெண்டு அடையாளத்தை ஒரு நேருக்குக் கொண்டு வந்து கடலிலை இடம் பிடிக்க எங்கடை ஐயா எனக்கும் காட்டித் தந்தவர். அவர் சந்தைக்குப் போன நேரம் அன்ரனாவுக்குப் பின்னாலை நிண்டு ஒரு கண்ணை மூடிப் பாத்து, அவரின்ரை திசைகாட்டியையும் எடுத்து, நீ ஓ.எல் படிக்கேக்கை வைச்சிருந்த இலங்கைப் படத்திலை அடிமட்டம் வைச்சுக் கோடு இழுத்தனான். இந்தியாப் பக்கம் இல்லை மகள், அன்ரனா இந்தியாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்குது. கோடு கடலாலை போய்த் தென்கிழக்கிலை சிலாவத்துறை, அரிப்புப் பக்கம் கரையைத் தொடுது. அரிப்பு எண்டதும் நான் அடிமட்டத்தைக் கீழை வைச்சிட்டன். ஏனெண்டு உனக்குத் தெரியும். அவர் வாற சத்தம் கேக்குது, மிச்சம் பிறகு எழுதுறன்.

சனிக்கிழமை

கடுதாசியை அரிசிப் பானைக்குள்ளை ஒளிச்சு வைச்சனான், ஆறு நாள் போட்டுது. வியாழக்கிழமை சிலாவத்துறையிலையிருந்து உடுப்பு விக்கிற அஸீபா வந்தவ. சும்மா கேக்கிற மாதிரி, அரிப்பிலை புதினம் ஏதுமோ எண்டு கேட்டன். உங்கடை தம்பி அருளப்பு வீட்டுக் கூரையிலை ஒரு பைப் நட்டு மேலை அலுமினியக் கம்பி பூட்டிக் கிடக்குது, ரீவிக்கோ என்னத்துக்கோ தெரியாது எண்டா. அப்ப ரெண்டாவது வோக்கி அவனிட்டை!

அருளப்பு மாமாவோடை நான் ஒன்பது வருசமாக் கதைபேச்சில்லை எண்டது நீ அறிஞ்சதுதான். அம்மம்மாவுக்குச் சுகமில்லாமல் கடுமையான அண்டைக்கு நல்ல மாரி மழை. அவன் எனக்கு அறிவிக்கேல்லை. அடுத்த நாள் மீன் லொறிக்காரன் சொல்லித்தான் அறிஞ்சு ஓடினனான், போய்ச் சேரப் பெட்டி மூடியாச்சு. என்ரை அம்மாவின்ரை முகத்தை நான் பாக்கேல்லை. பதினொரு தரம் போன் அடிச்சனான் அக்கா எண்டு அவன் சத்தியம் பண்ணினவன். என்ரை போன் ஒருக்காலும் அடிக்கேல்லை. பொய்யன் எண்டு அம்மாவை அடக்கம் செய்த சேமக்காலையிலை வைச்சே சொல்லிப்போட்டு, இனி உன்ரை சத்தம் என்ரை வீட்டுப் போனிலை கேக்கப்படாது எண்டு சொல்லிக்கொண்டு வந்தனான். இந்த மனிசன் எனக்குப் பின்னாலை அவனோடை கூடிக்கொண்டு திரியிறார் எண்டால் எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லு.

வெள்ளிக்கிழமை மணி அடிச்சு அவர் உள்ளை போனவுடனை நான் விளக்குமாத்தையும் கையிலை பிடிச்சுக்கொண்டு கதவடியிலை நிண்டனான். இவர் புனிதரின்ரை பேரைச் சொல்லி நிப்பாட்ட, கர கர எண்டு இரைச்சலுக்குள்ளாலை எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் எண்டு பிரார்த்தனையிலை வழமையாச் சொல்லுற பதிலோடை ஒரு குரல் வருது. அருளப்புவின்ரை குரல்தான். ஒன்பது வருசத்துக்குப் பிறகு கேக்கிறன், கிழடு தட்டிப்போச்சு. அழுகை வந்தது, அதை விடக் கோவம் வந்தது. அந்த நேரம் கொப்பருக்குத் தும்மல் வந்திட்டுது. பொத்தானை அமத்தின கையோடை ஒரு தும்மல் தும்மினார் பார், கொட்டில் அதிர்ந்தது. தும்மி முடிய அங்காலையிலிருந்து அமைதியாப் பதில் வருது, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். தும்மலுக்கு!

கதவைத் தள்ளிக்கொண்டு போனன். கொப்பர் செற்றை முதுகுக்குப் பின்னாலை ஒளிச்சார். போனிலை கேக்கப்படாது எண்டுதானே சொன்னனி, இது போன் இல்லைத்தானே எண்டு திக்கித் திக்கிச் சொல்லுறார். ரெண்டு பேரும் ஒரே நாள் கொழும்பிலை சோதினை எழுதினவையாம், ரெண்டு பேரிட்டையும் லைசென்ஸ் இருக்காம். செற் ரெண்டா வாங்குங்கோ அப்பா எண்டு சொன்னது நீதானாம், அதை உன்னட்டைப் பிறகு கேக்கிறன். நான் சொன்னன், அது கிடக்கட்டும், அவனுக்கு நீங்கள் சொல்லுற ஒண்டும் கேக்கேல்லை எண்டு. இல்லை, ரெண்டு மாதமாச் சோதிச்சு ஒவ்வொரு புனிதருக்கும் பதில் வருது, கொப்பியிலை எழுதி வைச்சிருக்கிறன் எண்டுறார். ஐயோ மனிசா, அந்தப் பதிலை நித்திரையிலையும் சொல்லுவினமே! இரைச்சல் நிக்குது, அவன் பழக்கத்திலை வேண்டிக்கொள்ளும் எண்டுறான், இது ஒரு சோதினையோ? செற்றைத் தாருங்கோ எண்டு பறிச்சன். அவர் முதல்லை தன்ரை அழைப்புக்குறியைச் சொன்னார், அது சட்டமாம். பிறகு நான் பொத்தானை அமத்தி, புனிதரின்ரை பேர் வாற இடத்திலை எங்கடை அம்மாவின்ரை பேரைச் சொன்னன். மதலேனம்மா எண்டு. உடனை அதே ராகத்திலை பதில் வருது, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். பெத்த தாயின்ரை பேரும் விளங்கேல்லை, என்ரை குரலும் விளங்கேல்லை.

அப்பதான் கொப்பர் செற்றைத் திருப்பிப் பாத்துத் தலையிலை கையை வைச்சார். பற்றறி மிச்சம் பிடிக்கிறன் எண்டு வலுவைக் குறைச்சு வைச்சிருந்தவராம். அவன்ரை பக்கம் முழு வலு, அதாலை அவன் கதைக்கிறது இஞ்சை வரும், இவர் கதைக்கிறது அங்கை வெறும் இரைச்சல். சோதினை பாஸ் பண்ணின மூளை! அன்ரனா வயர் பூட்டுற முனையிலை பிடிச்சிருந்த உப்பையும் துடைச்சு, வலுவைக் கூட்டித் திரும்பத் தந்தார். நான் திரும்பவும் மதலேனம்மா எண்டன். பதில் இல்லை. தொடர்பு விட்டுப்போச்சுப் போலை எண்டு கொப்பர் வயரைப் பிடிக்கப் போனார். பேசாமல் நில்லுங்கோ, இப்பதான் அவனுக்குக் கேட்டிருக்குது எண்டன். பிறகு மெல்லமா வந்தது, அக்காவோ எண்டு.

நான் பொத்தானை அமத்தினன். அமத்தினபடி நிண்டு அழுறன். விடு, விடு, நீ அமத்திக்கொண்டு நிண்டால் அவனுக்குக் கதைக்க வழியில்லை எண்டு கொப்பர் கையைப் பிடிச்சு விடுவிச்சவர். விட்ட உடனை அவன் சொல்லுறான், அக்கா, அண்டைக்குப் பதினொரு தரம் அடிச்சனான், அங்கை மணி அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது, நீ வேணுமெண்டு எடுக்கேல்லை எண்டு நினைச்சுத்தான் நானும் இத்தனை வருசமும் கோவமா இருந்தனான் எண்டு. அவனுக்கு மணி கேட்டிருக்குது மகள், எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. ரெண்டு பேரும் பொய் சொல்லேல்லை. இந்த ஒண்டை நான் ஒன்பது வருசத்திலை ஒருக்காலும் யோசிக்கேல்லை, எல்லாரையும் சந்தேகப்படுற நான் அண்டைய மழைக்குள்ளை பழுதாப்போன போனைச் சந்தேகப்படேல்லை. கேக்குதோ அக்கா, கேக்குதோ எண்டு திரும்பத் திரும்பக் கேட்டான். கேக்குதடா தம்பி எண்டன்.

நாளைக்குப் பூசை முடியக் கொப்பரும் நானும் பஸ்ஸிலை அரிப்புக்குப் போறம். அம்மாவின்ரை கல்லறைக்கு மெழுகுதிரி எடுத்து வைச்சிருக்கிறன். அதுக்காக நான் முழுக்க நம்பிப்போட்டன் எண்டு நினையாதை. இவர் ரெண்டு மாதமா என்னைப் பற்றி என்ன எழுதி வைச்சவர் எண்டு அந்தக் கொப்பியை இன்னும் எனக்குக் காட்டேல்லை. அவர் பக்கத்திலை நிண்டால்தான் நான் செற்றைத் தொடலாமாம், எனக்கு லைசென்ஸ் இல்லையாம். அடுத்த சோதினையை நானும் எழுதப்போறன், பேர் குடுக்கச் சொல்லிப்போட்டன். உன்ரை வண்டவாளமும் எனக்குத் தெரியும், இதிலை நீயும் கூட்டு எண்டதை மறையாமல் எழுது, நான் ஏசமாட்டன். அனுப்பின படத்திலை மெலிஞ்சுபோய் நிக்கிறாய், உடுப்பாலை அப்பிடித் தெரியுது எண்டு சொன்னால் நம்ப நான் ஆளில்லை, ஒழுங்காச் சாப்பிடு. பாரைக் கருவாடு காயுது, ஆரும் வந்தால் குடுத்து விடுறன்.

மடுமாதா உங்கள் ரெண்டு பேரையும் தன்ரை கைக்குள்ளை வைச்சுக் காக்கட்டும். ஒண்டை மட்டும் மறந்திடாதை பிள்ளை. நீ போன் அடிச்சு நான் எடுக்காட்டி, அம்மா எடுக்கேல்லை எண்டு நினைக்காதை. திரும்ப அடி. பன்னிரண்டாந் தரமும் அடி.

உன்ரை அம்மா,
அ. யசிந்தா