அரங்கில் உயர்ந்த ஒரு கை

நேற்று அலமாரியின் அடித்தட்டைத் துடைக்கும்போது, பழைய காகிதங்களுக்கு நடுவிலிருந்து அந்தச் சிவப்பு அட்டை கீழே விழுந்தது சார். ஃபைல் அட்டையை வெட்டி, உங்கள் கையெழுத்தில் 'நேரம் முடிந்தது' என்று எழுதியது. துடைப்பதை விட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பல்கலைக்கழக மாணவர் ஆய்வு மாநாட்டை நம் கல்லூரி நடத்திய ஆண்டு அது. பிள்ளைகள் கையில் பொத்தான் வைத்த செல்போன் வந்திருந்த காலம். இயற்பியல் ஆசிரியையான நான் அமைப்பாளர்; பணிமனைப் பயிற்றுநரான நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து நேரம் பார்ப்பவர். மேசை மணியை நீட்டினேன். "மணி வேண்டாம் மேடம், பிள்ளைக பயந்துரும்" என்று இந்த அட்டையை வெட்டினீர்கள்.

உங்களிடம் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். "கன்னடமும் தெலுங்கும் கலந்த இந்த எல்லைப் பக்கத்துப் பேச்சு, தெக்கத்திக்காரன் எனக்குப் பிடிபடலயே" என்பீர்கள். ஆய்வக உதவியாளர் முனியப்பா விடமாட்டார். "இருபது வருசமாவா சார்? சானமாவு காட்டுக்கு வர்ற ஆனைங்களே மூணு பாஷையும் கத்துக்கிச்சு!" அதற்கு அதிகம் சிரிப்பவர் நீங்கள்தான். ஓடும் லேத் மெஷின்மேல் உள்ளங்கையை வைத்து, "தொட்டாத்தான் இதுக்கு என்ன நோவுன்னு தெரியும்" என்று மாணவர்களுக்குச் சொல்வீர்கள். கை தேர்ந்தவரின் பழக்கம் என்று நினைத்தேன்.

பாகலூர் மாணவி சபீனாவின் ஆய்வை மட்டும் நீங்கள் எதிர்த்தீர்கள். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவர்களின் காது பற்றியது. அவள் அப்பாவும் அங்கேதான் இருந்தார். அரங்கில் எல்லோரையும் கண்மூடச் சொல்லி, ஒலிகளைப் போட்டுக் காட்டப்போவதாக எழுதியிருந்தாள்.

"கூட்டத்துல பீப் பீப்னு சத்தம் போடுறதுதான் ஆராய்ச்சியா மேடம்? கட்டுரையை வாசிச்சாப் போதாதா?"

"பிரஸ் ஷாப்புல பதினஞ்சு வருசம் இருந்துட்டு வந்த நீங்களே இப்படிச் சொல்லலாமா?" என்று கோபப்பட்டேன். எழுந்து போனீர்கள்.

மாநாட்டன்று அரங்கு நிறைந்திருந்தது. "எல்லாரும் கண்ண மூடிக்கங்க. சத்தம் கேட்டா கையத் தூக்குங்க, நின்னா இறக்கிடுங்க" என்றாள் சபீனா. மெல்லிய, கூர்மையான ஒலி எழுந்தது. அரங்கு முழுக்கக் கைகள் உயர்ந்தன. உங்கள் கை மடியிலேயே கிடந்தது. ஒலி நின்றது, கைகள் இறங்கின. அந்த அமைதியில் உங்கள் கை மட்டும் தயங்கித் தயங்கி மேலே வந்தது.

பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும் மாணவனை, கடைசி வரிசையில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கொரு பெருமை உண்டு. எங்கள் உதட்டைப் பார்த்தே நீங்கள் ஆண்டுக்கணக்கில் சமாளித்ததை, ஒலியைப் பாடமாக நடத்திய நான் பார்க்கவில்லை.

கண் திறந்திருந்தவர்கள் மேடையில் இருந்த நாங்கள் இருவர்தான். சபீனா என்னைப் பார்த்தாள். அந்த நொடியில் கண்ணைத் திறக்கச் சொன்னால் அரங்கமே உங்களைப் பார்த்துவிடும். அவள் மறுபடி ஒலியைப் போட்டாள். உங்கள் கையைச் சுற்றி எல்லாக் கைகளும் எழுந்தன. அதன்பிறகுதான் மைக்கில் உரக்க, "கண்ணத் திறக்கலாம்" என்றாள்.

மேடைக்குப் பின்னால் வந்து கேட்டாள். "மேடம், சார்கிட்ட நான் சொல்லட்டுமா? அவரு டாக்டரப் பாக்கணும்."

"வேணாம்மா. நான் சொல்றேன்."

மாலையில் பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது நீங்களே வந்தீர்கள். முகமெல்லாம் சிரிப்பு. "காது போயிருச்சோன்னு ரொம்ப நாளா ஒரு பயம் மேடம். தெரிஞ்சா மெஷின் பக்கம் விடமாட்டாங்க, ரெண்டு பொண்ணு படிக்குதேன்னு வெளிய சொல்லல. இன்னிக்கு என்னமோ கேட்ட மாதிரி இருந்துச்சு, கையத் தூக்கினேன். கண்ணத் திறந்து பாக்கேன், எல்லாரு கையும் எங்கையோட சேந்து நிக்கி!"

"நல்லது சார்" என்றேன்.

நாளை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அந்தச் சிரிப்பு குறுக்கே வந்தது. எதிரே வந்து நின்று, கொஞ்சம் உரக்கப் பேசினேன். அதையே பெரிய உதவி என்று எண்ணிக்கொண்டேன். இப்படியே மூன்று ஆண்டுகள் போயின.

பிறகு குருபரப்பள்ளி நெடுஞ்சாலையில் அந்த விபத்து. நீங்கள் கடைசியாகத் தேநீர் குடித்த கடைக்காரர் உங்கள் வீட்டு வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "லாரிக்காரன் ஹாரன் மேல ஹாரன் அடிச்சான். சார் திரும்பவே இல்ல. ஏன்னே தெரியலீங்க."

எனக்குத் தெரிந்தது. சபீனாவும் வந்திருந்தாள். மேடையில் பார்த்தது போலவே என்னைப் பார்த்தாள்.

இன்றும் யாராவது "என்ன சொன்னீங்க?" என்று இரண்டாம் முறை கேட்டால் எதிரே போய் நின்று சொல்கிறேன். அட்டையைத் தூக்கிப் போட முடியவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அதோடு, உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரே ஒரு வாக்கியமும் என்னிடம் இருக்கிறது.

சார், நீங்கள் கை தூக்கியபோது அரங்கில் எந்தச் சத்தமும் இல்லை.