பேர் போடாத சீட்டு

அக்கா,

இன்று சாயங்காலம் பாய் கடைக்குச் சுக்கு வாங்கப் போனேன். அவர் பக்கத்து டப்பாவைத் திறந்துவிட்டார். அதிமதுரம். அந்த வாசனை வந்ததும் நீங்க பக்கத்தில் வந்து நின்ற மாதிரி ஆகிப்போச்சு. எப்போதும் அதில் ஒரு குச்சியைக் கடைவாயில் அடக்கிக்கொண்டுதானே பேசுவீங்க. "பாட்டுக்கார அம்மா படத்துக்குப் போயிருந்தியளாமே? அங்க ஏதோ சத்தமாமே?" என்று பாய் கேட்டார். அப்படியே திரும்பி வந்துவிட்டேன். சுக்கும் வாங்கவில்லை.

அஞ்சாப்புப் படிப்போடு நின்ற கை, தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க. வாற ஞாயித்துக்கிழமைக்கு முன்னால் இதை உங்களிடம் சொல்லாமல் எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மில்லில் பேண்டேஜ் துணியை மடிக்கிறேன், பிரிக்கிறேன், மறுபடி மடிக்கிறேன். சூப்பர்வைசர் இரண்டு தடவை ஏசிவிட்டார்.

உங்களைப் பற்றிப் படம் எடுத்திருக்காங்க அக்கா. நடிக்கிற படம் இல்லை. மதுரையில் இருந்து ஒரு பொம்பளப் பிள்ளை வந்து, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குமாக அலைஞ்சு, உங்க பாட்டு என்றால் உயிரை விடுகிறவங்களை எல்லாம் பேச வைத்து எடுத்தது. அந்தப் பிள்ளை என்னிடமும் வந்தது. "நல்லாப் பாடுவாக, நல்லாப் பழகுவாக" என்றேன். அம்புட்டுதான். "வேற ஏதாச்சும் சொல்லணுமாம்மா?" என்று கேமராவை இறக்காமல் நின்றது. அடுப்பில் பால் இருக்கு என்று எழுந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

போன ஞாயிறு மத்தியானம் இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் அதைப் போட்டுக் காட்டினாங்க. நாற்காலி பத்தவில்லை. முதலில் எல்லாம் நீங்க பாடுகிறது. பொறவு நீங்க ஏன் குடிக்க ஆரம்பித்தீங்க என்று ஆளாளுக்குச் சொன்னாங்க. புருசன் விட்டுப்போனதால் என்றார் ஒருத்தர். சேர்க்கை சரியில்லை என்றார் இன்னொருத்தர். சுந்தரபாண்டியத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிற மாரியப்பன், தெரியும்ல, எல்லாக் கச்சேரியிலும் முன்னால் நிற்பாரே, அவர் பெருமையாகச் சொன்னார்: "எத்தன பாட்டுச் சீட்டு குடுத்தாலும் அக்கா மாட்டேன்னு சொன்னதே கெடையாது. ஒரே பாட்டத் திரும்பத் திரும்ப மூணு மட்டம் பாட வச்சிருக்கோம்!" மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன்.

அடுத்துத் திரையில் உங்க தகரப் பெட்டி வந்தது. இந்தப் பாட்டு வேணும் என்று எழுதி நாங்க மேடைக்குக் கொடுத்துவிடுகிற துண்டுச் சீட்டை எல்லாம் எறியாமல் சேர்த்து வைத்திருக்கீங்க. எனக்கு அது தெரியாது. ஒவ்வொன்றாகக் காட்டினாங்க. அதில் ஒன்று, லட்டு டப்பா அட்டையைக் கிழித்து எழுதினது. கோணல் எழுத்து. "ஒன்னே ஒன்னு அக்கா. அந்த மலைப் பாட்டு." கீழே பேர் இல்லை.

என் எழுத்து.

அந்தப் பஸ் ஞாபகம் இருக்கா? ராஜபாளையத்தில் ஷிப்ட் முடிந்து ஏறினேன். நீங்க ஜன்னலோரம், மடியில் ஆஸ்பத்திரிக் கவர். "ஏட்டி, ஆறு மாசம் பாடக் கூடாதாம். உசரத்துல பாடுனா தொண்டையில இருக்கது கிழிஞ்சிருமாம். தொண்டை டாக்டர் சொல்லிட்டாக" என்றீங்க. "ஆறு மாசந்தானக்கா, ஓடிப் போயிரும்" என்றேன். "ஒனக்கென்ன, நீ துணி மடிக்க. ஊமையாக்கூட மடிக்கலாம்" என்று சிரித்தீங்க. பொறவு என் கையைப் பிடித்து, "யார்ட்டயும் மூச்சு விட்டுராத. தெரிஞ்சா ஒருத்தனும் கூப்பிட மாட்டான்" என்றீங்க. நான் யாரிடமும் சொல்லவில்லை. அது ஒன்றில் மட்டும் உண்மையாக இருந்தேன்.

அடுத்த மாசம் என் மகள் பெரிய மனுசியான சடங்கு. சாப்பிட மட்டும் வாங்க என்றுதான் கூப்பிட்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். மேடையில் வேறு ஒரு குழு பாடிக்கொண்டிருந்தது. என் நாத்தனார் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "பாட்டுக்காரி எஞ் சிநேகிதின்னு பஸ்ஸு பஸ்ஸா பீத்திக்கிட்டுத் திரிஞ்ச. ஒனக்காக ஒரு பாட்டு பாட மாட்டாகளாக்கும்?" எனக்கு முகம் சுண்டிப்போச்சு. அட்டையைக் கிழித்தேன், எழுதினேன். பேர் போட்டால் நான் கேட்டதாக ஆகிவிடும். கூட்டத்தில் எவரோ கேட்ட மாதிரி இருக்கட்டும் என்று போடவில்லை. என் மில் லீவு லெட்டரை எல்லாம் பஸ்ஸில் திருத்திக் கொடுத்தது நீங்க. உங்களுக்கு என் எழுத்து தெரியாதா? அது ஏன் எனக்கு அப்போது தோணவில்லை?

வாசித்தீங்க. மடித்தீங்க. மேடை ஏறினீங்க. அம்புட்டு உசரத்தில் போகிற பாட்டை ஒரு குறை இல்லாமல் பாடினீங்க. நாத்தனார் வாயைப் பிளந்தாள். எனக்கு ஒரு அடி வளர்ந்த மாதிரி இருந்தது. அதோடு அந்தப் பழைய குரல் போச்சு, கரகரத்த குரல்தான் மிச்சம். பொறவு கச்சேரிக்குக் கச்சேரி சாராயத்தை வாயில் ஊத்திக்கொண்டு ஏறினீங்க. கேட்டால், "தொண்ட மரத்துப்போகுது ஏட்டி, வலி தெரியல" என்பீங்க. ரெண்டு வருசம். அதுக்கு மேல் உடம்பு தாங்காமல் போய்ச் சேர்ந்துட்டீங்க; அதுக்கும் வருசம் பல ஆச்சு.

படம் தேவதானத்துத் திருவிழாக் கச்சேரியோடு முடிந்தது. அதே மலைப் பாட்டு. லைட்டைப் போட்டதும் பின்னால் இருந்து ஒருத்தன் "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினான். விசில். இன்னும் நாலு பேர். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே லேப்டாப்புக்குப் போனது. நான் எழுந்துவிட்டேன்.

"வேண்டாம் தாயி. போடாத."

"ஏன்மா? ஒக்காருங்க. படத்துலதான பாடுறாக" என்றார் மாரியப்பன்.

"அந்த அட்டைச் சீட்டு என்னோடது. டாக்டர் பாடக் கூடாதுன்னது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கேட்டேன்."

"இவ செஞ்சது பத்தாதுன்னு இப்ப நம்மளயும் சேத்து இழுக்கா" என்று ஒருத்தி முனகினாள். மாரியப்பன் மட்டும், "நாங்களும் எம்புட்டு கேட்டுருக்கோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதுக்கு மேல் அவர் தலையைத் தூக்கவில்லை.

ஞாயித்துக்கிழமை அந்தப் பிள்ளை கேமராவோடு வருது. மண்டபத்தில் சொன்னதைத் திரும்பச் சொன்னால் படத்தில் சேர்க்குமாம். கட்டிக்கொடுத்த மகள் கத்துகிறாள். "எஞ் சடங்க எதுக்கும்மா இதுல இழுக்க? மாமியார் வீட்டுல என்ன சொல்லுவாக?" அவள் பாடு அவளுக்கு. ஆனாலும் நான் சொல்லப்போகிறேன் அக்கா. நீங்க குடிப் பழக்கத்தால் கெட்டீங்க என்று ஊர் பேசிக்கொண்டு திரிய, நான் அடுப்பில் பால் இருக்கு என்று எழுந்து போக முடியாது.

ஒன்றை மட்டும் கேமராவில் எப்படிச் சொல்லுவேன் என்று தெரியவில்லை. பாடி முடித்து இறங்கி நம்ம பந்தியில் உட்கார்ந்தீங்க. நான்தான் பரிமாறினேன். நீங்க வாயைத் திறக்காமல், ரசம் வேணும் என்று கையைக் குவித்துக் காட்டினீங்க. குரல் வரவில்லை. எனக்கு அது தெரியலையே. பெரிய பாட்டுக்காரி நம்மகிட்ட வெளாடுறாக என்று நினைத்து, நானும் பேசாமல் கையை ஆட்டி ஆட்டி, என்ன வேணும், என்ன வேணும் என்று கேட்டுச் சிரித்தேன். பந்தியே சிரித்தது. நீங்களும் சத்தம் இல்லாமல் சிரித்தீங்க.