முப்பத்தோராவது தட்டுக்குப் பிறகு

அண்ணே,

நேற்று பீரோவின் மேல்தட்டிலிருந்து அந்த மஞ்சள் பையை எடுத்தேன். பிரித்ததும் பாச்சை உருண்டை வாசம் குப்பென்று அடித்தது. உள்ளே பழைய ஹார்டு டிஸ்க், அதன் கறுப்பு வயர், நான்காக மடித்த ஒரு காலண்டர் தாள். தாளின் பின்பக்கம் முழுக்க உங்கள் கையெழுத்து. ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் எதிரே ஒரு பொருளும் எழுதியிருக்கிறீர்கள். மாதுளை, வெற்றிலை, வெள்ளிக் கிண்ணம். ஏழாவது பெயருக்கு எதிரே மட்டும் ‘கண்ணாடி வளையல், பத்திரம்’. வளையல் உடைந்துவிடும் என்று பயந்தீர்களா, தூக்கி வந்தவள் மேல் நம்பிக்கை இல்லையா, தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பையை எடுக்க வைத்தவள் என் மகள், உங்கள் மருமகள்தான். சென்னையில் படிப்பவள் விடுமுறைக்குப் புது லேப்டாப்போடு வந்திருக்கிறாள். “என் காதுகுத்து வீடியோ ஒரிஜினல் இருக்காம்மா? டிவிடியெல்லாம் இப்ப எதுலயும் ஓடாது” என்றாள். நீங்கள் கண்ணை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நான் அந்தப் படத்தைப் போட்டே பார்க்கவில்லை. அழுகை வரும் என்பதற்காக அல்ல. நீங்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போன நாளும் கூடவே வருமே என்றுதான் தள்ளிப் போட்டேன்.

அந்த நாளைப் பற்றி உங்களிடம் நேராக நான் பேசியதே இல்லை. இப்போது பேசிவிடுகிறேன்.

குன்றக்குடி அடிவாரத்து மண்டபத்தில் அவளுக்கு மொட்டையடித்துக் காது குத்தினோம். மூன்று வயது. உங்கள் மடியில் உட்கார்ந்துகொண்டு, ஆசாரி ஊசியைக் கையில் எடுக்கும் முன்பே ஊரைக் கூட்டிவிட்டாள். அதற்கும் முன்னால் வந்தது உங்கள் தாய்மாமன் சீர். மேளம் முன்னே வர, உங்கள் ஊர்ப் பெண்கள் முப்பத்தொரு பேர் ஆளுக்கொரு தட்டை ஏந்தி வரிசையாக வந்தார்கள். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து புதிதாகக் கொண்டுவந்திருந்த ஹெச்.டி. வீடியோ கேமராவோடு மண்டப வாசலில் நின்று, ஒரே மூச்சில் பதினெட்டு நிமிடம் எடுத்தார். உங்கள் மாப்பிள்ளையைத்தான் தெரியுமே, கேமராவை இம்மிகூட ஆட்டமாட்டார். நிறுத்தத்தான் தெரியாது.

விடுமுறை முடிந்து அவர் கேமராவோடு விமானம் ஏறுவதற்குள் எல்லாவற்றையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன் கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் படித்தவள் என்ற திமிர் எனக்கு. கேபிளைச் செருகினால் பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெயரே இல்லாமல் வெறும் எண் போட்ட கோப்புகள். திறந்தால் சத்தம் வரும், படம் வராது. அதை வேறு வடிவத்துக்கு மாற்றினால்தான் வெட்டி ஒட்ட முடியும் என்று கண்டுபிடிக்கவே நான்கு நாள் ஆயிற்று. மாற்றப் போட்டால் எண்பது சதவீதத்தில் கரண்ட் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. எப்படியோ முடித்தேன். ஒரு டிவிடிக்குள் அடங்க வேண்டும் என்றால் எதையாவது குறைக்க வேண்டும். மொட்டையைக் குறைக்க மனசில்லை. காதுகுத்தைத் தொடக்கூடாது. சீர்தான் நீளம்.

அந்த வாரம்தான் படத்தை வேகமாக ஓட்டும் பொத்தானைக் கற்றிருந்தேன். பதினெட்டு நிமிடம் இரண்டே நிமிடமாயிற்று. மேளத்தை எடுத்துவிட்டு ஒரு துள்ளல் இசையைப் போட்டேன். தட்டு ஏந்திய பெண்கள் எறும்பு வரிசையாகக் குடுகுடுவென்று ஓடி வந்து மண்டபத்துக்குள் மறைந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டிவிடியைப் போட்டுவிட்டு, இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டரில் இருந்த மூலப் படங்களை எல்லாம் அழித்தும் விட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பக்கத்துச் சொந்தங்களையும் கூப்பிட்டுக் கூடத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். உங்களுக்கு முன்வரிசை நாற்காலி. சீர் வந்ததும் கூடமே சிரித்தது. என் கொழுந்தனார் கைதட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன், அண்ணே. நீங்கள் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தீர்கள். வாசலில் ஓடிவந்து மறித்தேன்.

“ரெண்டு மாசம் நடந்து சேத்த சீர ஓட ஓட வெரட்டிட்டியேத்தா” என்றீர்கள். அவ்வளவுதான். அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. என் வீட்டில் நீங்கள் கை நனைக்காமல் போனது அன்று ஒரு நாள்தான்.

எனக்கும் கோபம் வந்தது. பதினெட்டு நிமிடம் தட்டையே பார்த்துக்கொண்டு எவர் உட்கார்ந்திருப்பார்கள் என்று போனில் என் வீட்டுக்காரரிடம் கத்தினேன். அந்த வீம்பு தீபாவளி வரைக்கும் இருந்தது. வருடம் தவறாமல் நீங்களே தூக்கி வரும் துணிப்பையை அந்தத் தீபாவளிக்கு உங்கள் மகனிடம் கொடுத்தனுப்பினீர்கள். “அப்பாவுக்கு வயல்ல வேலையாம் அத்தை” என்றான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பொங்கல் சீரும் இப்படித்தான் வந்து சேருமோ என்று அன்றைக்குத்தான் பயம் வந்தது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்பது நீங்கள் ஒருத்தர்தானே.

திருத்திக் கொடுத்துவிடலாம் என்றால் கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லை. நான்தான் அழித்துவிட்டேனே. சிங்கப்பூருக்குப் போன் போட்டேன். “கேமராவுல இருக்கா? அழிச்சிட்டீகளா?” என்றேன்.

“இங்க என்னத்த எடுக்கப் போறேன், கட்டடத்தையா? எல்லாம் அப்படியேதான் கெடக்கு” என்றார் அவர். அந்த மனிதரின் சோம்பேறித்தனத்துக்கு நான் கோயில் கட்டியிருப்பேன். கார்த்திகைக் கடைசியில் ஊருக்குத் திரும்பிய ஒருவர் கையில் கேமராவைக் கொடுத்தனுப்பினார். இந்தத் தடவை இறக்கியதும் முதல் வேலையாக ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி, ஒன்று விடாமல் அதில் ஒரு பிரதி போட்டுவைத்தேன். அதுதான் இந்த மஞ்சள் பையில் இருப்பது.

பிறகு உங்களுக்குப் போன். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். வாயில் வேறு வந்தது. “அண்ணே, தட்டுக்குத் தட்டு கீழ பேரு போடப்போறேன். பாதிப் பேரு நான் இங்க வந்த பெறகு நம்ம ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவக, எனக்குத் தெரியல. தப்பாப் போட்டா உங்களுக்குத்தான் சங்கடம்.”

“எழுதிக் குடுத்துவிடுறேன்” என்றீர்கள்.

“எழுத்தப் பாத்து எந்த மொகம்னு எனக்கு எப்படித் தெரியும்? வந்து காட்டிட்டுப் போங்க.”

மறுநாள் மத்தியானம் இந்த மஞ்சள் பையோடு வந்தீர்கள். வாசலிலேயே நின்று, “பேரச் சொல்லிட்டுக் கெளம்பிருவேன்” என்றீர்கள். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தீர்கள். இந்தத் தடவை படமும் வரும்படி வேறு மென்பொருள் ஏற்றியிருந்தேன், அதில் போட்டேன். நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஹெச்.டி.யை இழுக்கத் தெம்பில்லை. முதல் பெண் ஒரு காலைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். நாலு நொடி கழித்து அடுத்த காலுக்குத் தாவினாள். மறுபடி நின்றாள். மேளம் ‘டு’ என்று ஆரம்பித்து அதோடு நின்றுபோனது.

நீங்கள் திரையைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். “அன்னைக்கு ஓட விட்ட. இன்னைக்கு நிப்பாட்டி வச்சிட்ட. எங்க ஊரு ஆளுகள நடக்கவே விடமாட்டியாத்தா?”

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. நீங்களும் சிரித்தீர்கள். அப்புறம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, “காப்பி போடு” என்றீர்கள். நான் அடுப்படிக்கு ஓடினேன்.

படம் நின்று நின்று வந்ததால் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கதை சொல்ல உங்களுக்கு நேரம் கிடைத்தது. “அந்த அம்ப கொஞ்சம் அங்குட்டுத் தள்ளு, மொகத்த மறைக்குது” என்று மவுஸை விரட்டுவீர்கள். நான்காவது தட்டு, முட்டி வலியோடு வந்தவள். ஏழாவது, புதுப் பெண். பதினோராவது தட்டு வந்ததும் நிறுத்தச் சொன்னீர்கள். மாதுளைத் தட்டோடு ஒல்லியாக ஒரு பெண்.

“வெள்ளையம்மா. வரப்புத் தகராறுல ஒம்பது வருசம் நம்ம வீட்டுப் பக்கம் திரும்பல. தட்டுத் தூக்க வரணும்னு மூணு தடவ போயிக் கூப்பிட்டேன். மூணாவது தடவ செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. அப்பவே தெரிஞ்சுபோச்சு, வருவான்னு.” காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “தட்டுல இருக்குறத எவனும் பாப்பான். தூக்கிட்டு வாரது யாருன்னு பாரு” என்றீர்கள்.

அந்த வெள்ளையம்மாவைத்தான் நான் எறும்பாக ஓட விட்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, அண்ணே. அன்று சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

ஐந்து மத்தியானம் வந்தீர்கள். என் வாழ்க்கையில் உங்களோடு அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததே இல்லை. முப்பத்தோராவது தட்டு உள்ளே போனதும், “அதோட வெட்டிரு” என்றீர்கள்.

“பெறகு நீங்கல்ல வாரீக?”

“நான் வெறுங்கையோட வாரேன். அதெதுக்கு?”

சீர் முழுவதிலும் நான் வெட்டியது அந்த ஒரு இடத்தில்தான், அதுவும் நீங்கள் சொல்லி.

பொங்கலுக்கு முந்திய நாள் கரும்பும் பானையும் கொத்து மஞ்சளுமாக நீங்களே வந்து இறங்கினீர்கள். தலைவாழை இலையில் சாப்பிட்டீர்கள். தட்டுக்குத் தட்டு பெயரோடு மாற்றிப் போட்ட டிவிடியைப் பார்க்கும்போது பதினெட்டு நிமிடமும் ஒருவரையும் பேச விடவில்லை. என் கொழுந்தனார் கொட்டாவி விட்டதற்கு முறைத்தீர்கள். டிவியில் எல்லாரும் ஒழுங்காக நடந்தார்கள். ஆனால் டிவிடிக்குள் அடக்கியதில் முகங்கள் மங்கிப் போயிருந்தன. கம்ப்யூட்டரில் தெளிவாக இருந்தவர்கள் நடக்கவில்லை. டிவியில் நடந்தவர்கள் தெளிவாக இல்லை. அன்றைக்கு அதுவே எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

நேற்று உங்கள் மருமகள் ஹார்டு டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் செருகி, எண் போட்ட கோப்பைத் தட்டினாள். மாற்றவில்லை, காத்திருக்கவில்லை. படம் வந்தது. உங்கள் ஊர்ப் பெண்கள் நடந்தார்கள், அண்ணே. கண்ணாடி மாதிரித் தெளிவாக, அவரவர் நடையில். வெள்ளையம்மாவின் மூக்குத்தி வெயிலில் மின்னுவதுகூடத் தெரிந்தது. நான் தாளைப் பார்க்காமலேயே பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தேன். முப்பத்தொன்றும் எனக்கு மனப்பாடம். காரைக்குடிக் கடைவீதியில் அந்த முகங்களில் ஒன்றைப் பார்த்தால், பெயருக்கு முன்னால் தட்டின் எண்தான் எனக்கு ஞாபகம் வரும்.

திரையின் இடது ஓரத்தில், மண்டபப் படிக்குக் கீழே நீங்கள் நிற்கிறீர்கள். ஏதோ வாயசைக்கிறீர்கள். அவள் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டாள். மேளத்துக்கு அடியில் உங்கள் குரல். ஒவ்வொரு பெண்ணும் படியேறும்போது, “பாத்து, படி” என்கிறீர்கள். முப்பத்தொரு தடவை. ஒருத்திக்கும் விடவில்லை. என் வீட்டு வாசலுக்கு யார் வந்தாலும் நான் இதைத்தான் சொல்கிறேன். எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று நேற்றுதான் தெரிந்தது.

முப்பத்தோராவது தட்டு உள்ளே போனது. நான் வெட்டிய இடம் தாண்டியது. நீங்கள் ரோட்டைத் திரும்பிப் பார்க்கிறீர்கள், யாராவது விட்டுப் போய்விட்டார்களா என்று. அப்புறம் அவசரமாக வருகிறீர்கள். கட்டைவிரல் அதே படியில் இடித்துத் தடுமாறுகிறீர்கள். தூணைப் பிடித்துக்கொள்கிறீர்கள். யாரும் பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்து, உங்கள் மாப்பிள்ளை கேமராவோடு நிற்பதைக் கண்டு, நேராக எங்களைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். நின்று நின்று ஓடிய அந்தப் பழைய கம்ப்யூட்டர் இதைக் காட்டவே இல்லை.

“பாத்துண்ணே, படி” என்றேன் சத்தமாக.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “டிவிடில இது இல்லையேம்மா. கட் பண்ணிரவா?”

“வேண்டாம். மாமா நடந்து வரட்டும்.”

அவள் படத்தைப் புதிதாகச் சேமித்துக்கொண்டிருந்தபோது நான் காலண்டர் தாளை விரித்து, உங்கள் வரிசைக்குக் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்தேன். சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் வரவேண்டும் என்று நீங்கள் முணுமுணுப்பீர்கள். முணுமுணுங்கள்.

‘32. அண்ணன். வெறுங்கை.’